உண்மையைத்தான் சொன்னேன், அந்த அம்மா ஜெபிப்பதை நிறுத்திவிட்டார்

கேள்வி: ஐயா, நான் இறையியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது எங்கள் சபையின் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வயதான அம்மா சாட்சி சொன்னார். அதிகம் படிக்காதவர். 'வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது சொஸ்தமாவார்கள்' என்ற மாற்கு 16-ஆம் அதிகார வசனத்தை நம்பித்தான் பல வருஷமாக நோயாளிகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அந்தப் பகுதி மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, பிற்பாடு சேர்க்கப்பட்டது என்று நான் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிப்பதில்லை. நோயாளிகள் கூப்பிட்டாலும் போவதில்லையாம். போதகர் என்னிடம், இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றிய ஏந்திரக்கல் வசனத்தைக் காட்டிக் கண்டித்தார். நான் சொன்னது பொய்யா? உண்மையை மூடி மறைப்பதுதான் விசுவாசமா? இதற்கு முன்பே வாலிபர் வேதபாடம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். மாற்கு நற்செய்திதான் பாடம். இனி எடுக்கலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொன்னது பொய் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீங்கள் பொறுமையாக வாசிக்கமாட்டீர்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய் பிரதி, வத்திக்கான் பிரதி இரண்டிலும் மாற்கு நற்செய்தி 16:8-உடன் நின்றுவிடுகிறது. இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்துபோய் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடுவதோடு முடிகிறது. இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்களை அடைப்புக்குறிக்குள் போட்டு அடியில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது.

ஆனால் தம்பி, நீங்கள் அங்கே சொன்னது பாதிதான். மீதிப் பாதியையும் உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அந்தப் பகுதி இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லியோன் நகரத்துப் பேராயராக இருந்த இரேனேயுஸ், 16:19-ஐ மாற்கு எழுதிய நற்செய்தியின் முடிவில் உள்ளது என்றே எடுத்துக் காட்டுகிறார். அவர் எழுதியது நீங்கள் சொன்ன அந்தப் பழைய பிரதிகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முந்தி. அப்படியென்றால் இந்த வசனங்கள் மாற்குவின் கையிலிருந்து வரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஆதிச்சபை வெகு காலமாகத் தன்னுடையதாக வாசித்து வந்த பகுதி அது. அப்புறம், நோயாளிமேல் கைவைத்து ஜெபிப்பது இந்த ஒரு வசனத்தை நம்பியா இருக்கிறது? அப்போஸ்தலர் 28-இல் மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பன் ஜுரத்தில் கிடக்கிறார். பவுல் உள்ளே போய், ஜெபம்பண்ணி, அவர்மேல் கைகளை வைத்துக் குணமாக்குகிறார். யாக்கோபு 5-இல் நோயாளிக்காக ஜெபிக்கச் சபையின் மூப்பர்களையே வரவழைக்கச் சொல்லியிருக்கிறது. மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்களை எடுத்துவிட்டாலும் அந்த அம்மா செய்துவந்த காரியத்துக்கு வேதத்தில் இடம் இருக்கிறது. இதையும் சேர்த்துச் சொல்ல அன்றைக்கு உங்களுக்கு இரண்டு நிமிஷம் போதும்.

ஏன் சொல்லவில்லை என்பதை நீங்கள்தான் யோசித்துப் பார்க்கவேண்டும். இரண்டாம் ஆண்டுப் படிப்புக்கு ஒரு குணம் உண்டு. நேற்று கற்றதை இன்று யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது. உங்களை மட்டும் சொல்லவில்லை, இறையியல் படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் எதிரில் இருப்பவர் எதன்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறார் என்று அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது.

நீங்கள் பேசியது பிரதிகளைப் பற்றி. அந்த அம்மாவின் காதில் விழுந்தது வேறு. 'ஆண்டவர் இதைச் சொல்லவே இல்லை, இத்தனை வருஷமாக நீங்கள் கைவைத்து ஜெபித்ததெல்லாம் சும்மா' என்று விழுந்திருக்கும். கையெழுத்துப் பிரதி என்றால் என்ன, ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு எப்படி வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. உங்களுக்கு ஒரு வருஷம் உட்கார்ந்து படித்த பின்னணி இருக்கிறது. அவருக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் கிடைத்தது.

இப்படி ஒரு காரியம் பழைய காலத்திலும் நடந்திருக்கிறது. கி.பி. 399-இல் அலெக்சாந்திரியாவின் பேராயர் தெயோப்பிலு, அந்த வருஷத்துப் பாஸ்கா தேதியை அறிவிக்கும் கடிதத்தில், தேவனுக்கு மனித உருவம் உண்டென்று நினைப்பவர்களைக் கண்டித்து எழுதினார். எகிப்தின் ஸ்கேத்தி வனாந்தரத்துத் துறவிகளுக்கு அது பெரிய அதிர்ச்சி. அவர்களில் செராபியோன் என்று ஒரு முதியவர் இருந்தார். பல பத்தாண்டுகள் கடுந்தவம் செய்தவர், எல்லாரும் மதித்தவர். 'நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோம்' என்ற வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, தேவனுக்கும் ஒரு முகமும் உருவமும் உண்டென்று நம்பி ஜெபித்து வந்தார். கப்பதோக்கியாவிலிருந்து வந்திருந்த போத்தினு என்ற உதவிக்காரர் அவருக்கு எடுத்துச் சொன்னார். பரிகாசம் பண்ணவில்லை. கிழக்குச் சபைகள் எல்லாம் அந்த வசனத்தை எப்படிப் புரிந்துகொள்கின்றன என்று வேதத்திலிருந்தே விளக்கினார். முதியவரும் ஒத்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்களுக்குச் சந்தோஷம். ஸ்தோத்திர ஜெபம் பண்ண எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஜெபத்தின் நடுவில் அந்த மனிதர் தடுமாறிப்போனார். வழக்கமாக ஜெபத்தில் அவர் எதிரே இருக்கும் உருவம் இப்போது இல்லை. தரையில் விழுந்து, தேம்பித் தேம்பி அழுது, என் தேவனை என்னிடமிருந்து எடுத்துப்போட்டார்கள், பற்றிக்கொள்ள எனக்கு ஒருவரும் இல்லை, இனி யாரைத் தொழுவேன் என்று கதறினார்.

இதை எழுதிவைத்தவர் யோவான் காசியன். அப்போது அவர் நண்பர் ஜெர்மானுவோடு அந்த வனாந்தரத்தில் தங்கியிருந்தார். போத்தினு சொன்னது சரியான உபதேசம் என்பதில் காசியனுக்குச் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. இருந்தாலும் அந்த அழுகை அந்த இரண்டு நண்பர்களையும் உலுக்கிவிட்டது. ஈசாக்கு என்ற மூத்த துறவியிடம் போய்க் கேட்டார்கள். அவர் அந்தத் தப்பெண்ணம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கினார். அத்தோடு நிறுத்தவில்லை. எந்நேரமும் மனதில் வைத்துக்கொள்ள ஒரு ஜெபத்தைக் கையில் கொடுத்தார். தேவனே, எனக்கு உதவிசெய்ய விரைந்து வாரும் என்று கேட்கிற 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். படிப்பறிவில்லாதவரும் இதைப் பிடித்துக்கொண்டு இருதய சுத்தத்துக்குப் போய்ச் சேரலாம் என்றார்.

ஈசாக்கு செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மனிதரின் கையிலிருந்து ஒன்றை எடுக்கிறாய் என்றால், பிடித்துக்கொள்ள இன்னொன்றைக் கொடுத்த பிறகு எடு. கிழவரின் ஊன்றுகோல் இற்றுப்போயிருந்தால் புதுக்கோலைக் கையில் கொடுத்துவிட்டுத்தானே பழையதை வாங்குவோம்? செராபியோனுக்கு அந்தச் சங்கீத வசனத்தை யாராவது அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, ஏந்திரக்கல்லுக்கு வருவோம். மத்தேயு 18:6 கடுமையான வசனம்தான். விசுவாசிக்கிற சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று ஆண்டவரே சொல்கிறார். அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 'எவன் பெரியவன்?' என்று சீஷர்கள் கேட்கிறார்கள். அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துகிறார். சபையில் தன் படிப்பாலோ பதவியாலோ பெரியவனாகத் தெரிய விரும்புகிறவனுக்குச் சொன்ன பேச்சு அது. அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே, 15-ஆம் வசனத்தில், உன் சகோதரன் குற்றம் செய்தால்கூட, நீயும் அவனும் தனித்திருக்கையில் அதை அவனுக்கு உணர்த்து என்கிறார். குற்றத்துக்கே தனிமை வேண்டுமென்றால், ஒரு குற்றமும் செய்யாமல் சாட்சி சொன்ன ஒரு வயதான அம்மாவுக்கு? இதில் உங்கள் போதகர் சரியான வசனத்தைத்தான் எடுத்திருக்கிறார். உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாரா, சபை நடுவில் வைத்துச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. தனியாக என்றால், அவர் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தவர்.

ஆனால் இந்த வசனத்தை வாய்ப்பூட்டாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். யாருக்காவது பிடிக்காததை நீங்கள் பேசினால் உடனே 'இடறல் உண்டாக்குகிறான்' என்பார்கள். பவுல் சொல்லும் இடறல் மனவருத்தம் அல்ல, கோபமும் அல்ல. 1 கொரிந்தியர் 8-ஐ நிதானமாக வாசியுங்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை, அதற்குப் படைத்ததைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று கொரிந்துவின் அறிவாளிகள் சொன்னார்கள். பவுலும் அவர்கள் பக்கம்தான், அறிவு சரி என்கிறார். ஆனால் நேற்றுவரை அந்த விக்கிரகத்தைக் கும்பிட்டுவந்த ஒருவன், இவர்கள் பந்தியிருப்பதைப் பார்த்து, மனச்சாட்சி வேண்டாம் என்று சொல்லும்போதே துணிந்து சாப்பிட்டுவிடுகிறான். அவன் உள்ளே ஏதோ உடைகிறது. 'பலவீனமுள்ள உன் சகோதரன் உன் அறிவினிமித்தம் கெட்டுப்போகலாமா? அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே' என்று பவுல் பதறுவது அதற்காகத்தான். அவர் பார்த்தது அந்த மனிதன் தேவனோடு வைத்திருந்த உறவுக்கு என்ன ஆகிறது என்பதை. உங்கள் விஷயத்தில் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அவர் ஜெபத்தை நிறுத்தியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

பரிசேயர்களுக்கு இடறல் உண்டானபோது ஆண்டவர் 'அவர்களை விட்டுவிடுங்கள்' என்றார் (மத்தேயு 15). அதே ஆண்டவர் தேவாலய வரி விஷயத்தில், இடறலாயிராதபடிக்குக் கட்டிவிடு என்று பேதுருவிடம் சொன்னார். பவுலும் அப்படித்தான். தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணினார், தீத்துவுக்கு மாட்டேன் என்று நின்றார். பிற்காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்த இரண்டையும் பிரித்தே வைத்தார்: அறியாமையாலும் பலவீனத்தாலும் சிறியவர்கள் அடையும் இடறல் ஒன்று, பரிசேயருடைய இடறல் இன்னொன்று. முதல் வகைக்காகக் கட்டாயமில்லாத ஒரு நற்காரியத்தைக்கூடக் கொஞ்சகாலம் தள்ளிவைக்கலாம், விளக்கம் சொல்லிப் புரியவைக்கும்வரை. இரண்டாவதற்காக ஒன்றையும் விடவேண்டியதில்லை. சத்தியத்தைக் கைவிடுவதைவிட இடறல் வருவதே மேல் என்று போப் மகா கிரகோரி சொன்னதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். ஆகவே 'உண்மையை மறைப்பதா விசுவாசம்' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், இல்லை. தள்ளிவைப்பது வேறு, மறைப்பது வேறு.

மறைப்பதால் வரும் கேடு சின்னது இல்லை. மாற்கு 16-இன் அடிக்குறிப்பை இன்றைக்கு யாரும் பூட்டிவைக்க முடியாது. உங்கள் வேதபாடத்துக்கு வரும் பையன் கைப்பேசியில் ஒரு புதிய மொழிபெயர்ப்பைத் திறந்தால் கண்ணில் படும். அதை முதன்முதலாக ஒரு பரிகாசக்காரனிடமிருந்து கேட்டான் என்று வையுங்கள். 'உங்கள் போதகருக்கு இது தெரியும், உங்களிடம் சொல்லவில்லை' என்று சேர்த்தே சொல்வான். அந்தப் பையன் அதற்குப் பிறகு மாற்குவை மட்டும் சந்தேகிக்கமாட்டான், தனக்குச் சொல்லித்தந்த எல்லாரையும் சந்தேகிப்பான். இப்படிப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். மௌனமாக இருந்த நாங்களும் அந்த இடறலில் பங்காளிகள்தான் என்று நினைக்கிறேன். எளியவர்களின் விசுவாசத்தைக் காயப்படுத்தாமல் இருப்பது என்றால், காற்று படாமல் பொத்திவைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறுமையாக, முன்கூட்டியே, நம்பிக்கையுள்ளவர் வாயால் சொல்லிக்கொடுப்பதும் அந்தக் கடமைதான்.

சொல்ல வேண்டியது சரியாக இருந்தும் சொன்ன விதத்தால் கெட்டுப்போனதற்கு ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தரின் ஊரே சாட்சி. அவர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது, அவருடைய ஊரான விட்டன்பர்க்கில் சக பேராசிரியர் கார்ல்ஸ்டாட்டும் கூட்டாளிகளும் ஆராதனை முறையை ஒரேயடியாக மாற்றினார்கள், சொரூபங்களை அகற்றினார்கள். மாற்றங்களில் பலவும் லூத்தரே எழுதியவை. இருந்தும் 1522 மார்ச்சில் திரும்பிவந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் பண்ணி அதைக் கண்டித்தார். விசுவாசம் இருக்கிறது, அன்பைக் காணோமே, பலவீனரை விட்டுவிட்டு ஓடுகிறீர்களே என்பதுதான் அவருடைய வருத்தம். பழைய வழக்கங்கள் சிலவற்றைக் கொஞ்சகாலத்துக்குத் திரும்ப அனுமதித்தார். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, வேகத்தைக் குறைத்தார்.

காத்திருக்கக் கூடாத இடமும் ஒன்று இருக்கிறது. மாற்கு 16-இன் அதே வசனங்களில் 'சர்ப்பங்களை எடுப்பார்கள்' என்றும் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு விஷப்பாம்புகளைக் கையில் எடுக்கும் சபைகள் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் உண்டு. அந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஹென்ஸ்லி. 1955-இல் பாம்பு கடித்தே இறந்தார். உங்கள் சபையில் யாராவது 'கைவைத்து ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம்' என்று ஒரு நோயாளியிடம் சொன்னால், நேரம் காலம் பார்க்காதீர்கள். அங்கேயே, எல்லார் முன்னாலும் மறுத்துப் பேசுங்கள். யார் முகம் சுருங்கினாலும் பரவாயில்லை. அந்த அம்மா அப்படி எதுவும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. நோயாளியைப் பார்க்கப் போனார், ஜெபித்தார், அவ்வளவுதான். அதில் திருத்த என்ன இருந்தது?

இனி என்ன செய்வது? அவரைப் போய்ப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டாம், உங்கள் அம்மாகூட வேண்டாம். சமாதானப்படுத்துவதற்காக, நான் சொன்னது தப்பு, அந்த வசனம் எல்லாப் பிரதியிலும் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய், நாளைக்கு வேறு யாராவது உடைத்துவிடுவார்கள். 'எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா' என்று சொல்லுங்கள், அது உண்மை. பிறகு அவரைப் பேசவிடுங்கள். அவர் எங்கே நின்றுபோனார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. வசனம் பொய்யோ என்று பயமா? தான் ஏமாற்றியதாகக் குற்றவுணர்வா? அல்லது படித்த பிள்ளை முன்னால் வாய் திறக்கக் கூச்சமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கூச்சம் மட்டும்தான் என்றால் பிரதிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்லை. பயம் என்றால் பொறுமையாக விளக்குங்கள். ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று இல்லை. வேதத்தைத் திறந்து அப்போஸ்தலர் 28-ஐ வாசித்துக் காட்டுங்கள். யாக்கோபு 5-ஐயும். வாசித்துவிட்டு அவர் யோசிக்க விடுங்கள், நீங்கள் பிரசங்கம் பண்ணவேண்டாம்.

அப்பொல்லோ கதை நினைவிருக்கிறதா? வேதாகமங்களில் வல்லவன், வாக்கு வன்மையுள்ளவன், ஆனால் யோவானின் ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தான். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவன் ஜெப ஆலயத்தில் பேசியதைக் கேட்டார்கள். எழுந்து நின்று குறுக்கிடவில்லை, அவனைச் சேர்த்துக்கொண்டு அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். இதில் திருத்தப்பட்டவன் படித்தவன் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவிடம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏதாவது இருக்கலாம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஜெபிப்பது என்பதற்குக் கல்லூரியில் பரீட்சை வைப்பதில்லை.

அவர் உடனே பழையபடி ஆகாமல் போகலாம். நீங்கள் மன்னிப்புக் கேட்டதும் அடுத்த கூட்டத்திலேயே ஜெபிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், அப்படி ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். நடுநடுவே போய்ப் பாருங்கள். கல்லூரிக்குத் திரும்பிய பிறகு போனிலாவது பேசுங்கள்.

வேதபாடத்தைத் தாராளமாக எடுங்கள். முதலில் போதகரிடம் பேசிவிடுங்கள், 16-ஆம் அதிகாரத்தில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். முதல் வாரத்திலேயே கடைசி அதிகாரத்துக்குத் தாவாதீர்கள். முதல் அதிகாரத்திலிருந்து போனால் அங்கே வந்து சேரப் பல வாரம் ஆகும், அதற்குள் பிள்ளைகளுக்கு மாற்குவும் பழகியிருப்பார், நீங்களும் பழகியிருப்பீர்கள். நடுவில் கல்லூரி திறந்துவிட்டால் அந்த ஒரு பாடத்தைப் போதகரே எடுக்கட்டும். பிரதிகளைப் பற்றிச் சொல்லும் நாளில் இரேனேயுஸையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பாடத்துக்கு முந்தின வாரம் அந்த அம்மாவிடம் யாராவது தனியாகச் சொல்லி வைப்பது நல்லது, வாலிபர்கள் வாய்வழியாக அவர் காதில் மறுபடியும் அரைகுறையாக விழக்கூடாது.